காரில் போன எட்டு மாதங்கள்

மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு, திருவள்ளூரில் ஒரு மின்சார ரயில், பேசின் பிரிட்ஜில் மாறி இன்னொன்று, பிறகு ஷேர் ஆட்டோ என்று மூன்று வண்டிகளில் போய்வந்தேன். ஓய்வு வயது கடந்தும் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். கண்ணில் படுவதை எல்லாம் எண்ணும் வியாதி உண்டு. பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டி நுழைந்தால் பெட்டிகளை எண்ணுவேன்.

"இன்னா நைனா, ஒம்போதா பன்னண்டா?" என்று ஜன்னல் வழியாகவே கேட்பான், எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் ஃபிட்டர்.

"ஒண்ணு கொறஞ்சா மனு எழுதிக்கினு போயிடுவாரு," என்பான் பக்கத்திலிருப்பவன்.

தினமும் ஒரே பெட்டியில் போகும், வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்யும் ஏழு பேர் நாங்கள். ஒரே செய்தித்தாள் ஏழு கை மாறும். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்கு மாலை போட்டுப் பொரி கொடுப்போம். ஸ்டேஷன் படிகள் ஏறி இறங்கியதில் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது.

மகனுக்கும் சிப்காட்டில் வேலை கிடைத்தது. "எதுக்குப்பா இந்த வயசுல நசுங்கிக்கினு போற? என்கூட கார்ல வா," என்றான். போனேன்.

முதல் வாரம் ஃபிட்டர் போன் செய்தான். "சீட்டு புடிச்சி வெச்சிக்கினு இருக்கோம் நைனா, வர்றியா இல்லியா?"

"அடுத்த வாரம் வரேன்பா," என்றேன். அதையே இன்னும் இரண்டு முறை சொன்னேன். பிறகு போன் வரவில்லை.

காரில் மகன் போனில் ஆபீஸ் விஷயமாகப் பேசிக்கொண்டே ஓட்டுவான். நான் புதுவாயல் நெரிசலில் லாரிகளை எண்ணுவேன். இடுப்பு வலித்தது. சர்க்கரை ஏறியது. பேச ஆளில்லை என்று மகனிடமே எப்படிச் சொல்வது?

எட்டு மாதம் கழித்து அவன் வேறு திசையில் இருக்கும் ஒரகடத்துக்கு வேலை மாறினான். நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டு, பேசின் பிரிட்ஜில் போய் நின்றேன்.

அதே பெட்டி. ஃபிட்டர் என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான்.

"வாங்க சார், உக்காருங்க. ஒடம்பு நல்லா இருக்குதா?"

உட்கார்ந்தேன். பெரியவருக்கு இடம் விட்ட மரியாதையோடு அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாருடைய மச்சான் கல்யாணத்தையோ பற்றி அவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். எல்லோரும் போய்வந்திருந்தார்கள். நான் மட்டும் சிரிக்க வேண்டிய இடம் தெரியாமல் சிரித்தேன்.

மீஞ்சூர் தாண்டியதும், எனக்கு அறிமுகமில்லாத ஓர் இளைஞன் என் பக்கம் குனிந்தான். "எங்க எறங்குவீங்க சார்?"

இடம் காலியாகுமா என்று கேட்கிறான்.

"கடைசி ஸ்டேஷன்," என்றேன்.