பேனருக்குப் பின்னால் இருந்த சுவர்

ஹூஸ்டனில் எங்கள் சிறிய ஆங்கிலிக்கன் ஆலயத்தைப் பார்வையிட ஆர்ச்டீக்கன் வந்தார். பேராயரின் கண் என்று பழங்காலம் முதலே அந்தப் பதவிக்குப் பெயர். கூரையையும் சுவரையும் சோதிப்பது அவர் வேலை. குட்டையான மனிதர். ஆட்களைப் பார்க்குமுன் சுவரில் டார்ச் அடிப்பார்.

கூரை ஒழுகி மழையில் ஊறிய சுவரைக் கண்டால் ஆலயத்தை மூடிவிடுவார்கள் என்று பயந்து, அவர் முகம் போட்ட வரவேற்புப் பேனரால் அதை மறைத்திருந்தோம். பொன்னாடையோடு நின்ற எங்களைத் தாண்டிப் போய்ப் பேனரைக் கழற்றினார்.

"ஐயா, மூடிருவாங்களா?" என்றேன்.

"மறைச்சா மூடத்தான் செய்வாங்க. காட்டுங்க, ரிப்பேருக்கு நான் ஃபைட் பண்றேன்."

கூரை சரியானதும் பெயின்ட் அடிக்க அவரே வந்தார். தரையில் சிந்தாமலிருக்க அதே பேனரை விரித்து, சிரிக்கும் தன் முகத்தின்மேல் ஏணியை ஊன்றினார். ஏணியைப் பிடித்திருந்த எனக்குத்தான் கூசியது.