கவிழ்த்து வைத்த தாள்

எங்கள் ஹந்தானை மலைப் பக்கத்தில் முக்கியமான காகிதம் கைக்கு வந்தால் முதல் வேலை அதை லெமினேட் செய்வதுதான். மலை ஈரத்துக்கு எதுவும் தப்பாது. அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் பூஞ்சணம் பிடித்துப் போனதில் அரசாங்கக் கச்சேரிக்கு நாங்கள் நடந்த நடை கொஞ்சமில்லை. அந்தப் பயத்தில், என் கிரிப்டோ பணப்பையின் பன்னிரண்டு சொற்களையும் தாளில் எழுதி, கண்டி டவுனில் போட்டோகொப்பி, ஸ்கேன், லெமினேட் எல்லாம் செய்யும் கொமியூனிகேஷன் கடைக்கு எடுத்துப் போனேன். வீட்டுச் சாவியைக் கடைத்தெருவில் கொண்டுபோய்க் காட்டிய புத்திசாலி நான்.

வெளிநாட்டுக் கடைகளுக்கு விளம்பரப் படம் வரைவது என் தொழில். ஒரு வாடிக்கையாளர் கிரிப்டோவில்தான் கூலி தருவார். தோட்டத்து லய வீட்டை விட்டு அம்மாவோடு வெளியேற ஒரு துண்டுக் காணி வாங்க வேண்டும். அதற்கான சேமிப்பு முழுவதும் போனில் இருந்த அந்தப் பையில் கிடந்தது. போன் தொலைந்தால் அந்தச் சொற்களை வைத்துப் பணத்தை மீட்கலாம். சொற்கள் வேறொருவருக்குத் தெரிந்தால் அவரும் எடுத்துக்கொள்ளலாம். போய் முறையிட ஒரு பேங்க் கூடக் கிடையாது.

கடையை நடத்துபவர் பன்வில பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. யார் எந்தக் காகிதம் கொடுத்தாலும், வாங்கியதும் எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துவிடுவார். என் தாளையும் அப்படியே கவிழ்த்து லெமினேட் செய்து கொடுத்தார். அன்று அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

சில மாதம் கழித்துப் போனில் ஒரு செய்தி. பணப்பை நிறுவனத்தின் உதவிப் பிரிவாம். பன்னிரண்டு சொற்களையும் படம் பிடித்து அனுப்பாவிட்டால் பையைப் பூட்டிவிடுவார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனின் கெமரா உடைந்து கிடந்ததால் தாளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினேன்.

“அக்கா, அவசரம். இத ஸ்கேன் பண்ணி இந்த ஈமெயிலுக்கு அனுப்பிருங்க.”

“யாருக்குத் தம்பி?”

தாளை மேசையில் போட்டுவிட்டுச் செய்தியைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“முடியாது. போன மாசம் ஒருத்தரு இப்பிடித்தான் வந்தாரு. நாந்தான் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அவரு பஸ் ஏறுறதுக்குள்ள பணமெல்லாம் போயிருச்சு.”

“ஒங்க வேல ஸ்கேன் பண்றது. அத மட்டும் பாருங்க!” என்று கத்தினேன். பின்னால் வரிசையில் காத்து நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா ஒரு கதிரையை என் பக்கம் தள்ளினார். “கத்துங்க, பரவால்ல. ஒங்க சாவி கம்பனிக்காரனுக்கு எதுக்கு? ஆப்பத் தொறந்து பாருங்க, அதுல இப்பிடி ஏதாச்சும் கேக்குதானு.”

திறந்தேன். எந்த அறிவிப்பும் இல்லை. பணம் வைத்தபடியே இருந்தது. அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னொண்ணு,” என்றார். “இவ்வளவு நேரம் தாள் நிமிந்துதான் கெடந்துச்சு. நான் பாத்துட்டேன், இவங்களும் பாத்திருப்பாங்க. புதுசா ஒரு பையத் தொறந்து எல்லாத்தையும் அதுக்கு மாத்திருங்க.”

“ஒங்கள நம்பாமலா அக்கா?”

“என்னையும் நம்பாதீங்க.”

என்னை நம்பு என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சொன்னவர் இவர் ஒருவர்தான். கத்தியதற்காக வெட்கப்பட்டேன். அந்தக் கதிரையிலேயே இருந்து புதிய பை திறந்து பணத்தை மாற்றினேன். புதிய பன்னிரண்டு சொற்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.

பழக்கம் விடுமா? தாளை மடித்தபடி லெமினேட் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரித்துவிட்டார். ஒரு வெற்றுத் தாளை வைத்து மெஷினை எப்படி ஓட்டுவதென்று காட்டினார். பிறகு காத்திருந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

முதல் தடவை கோணலாகப் போனது. ஓரங்களை வெட்டிவிட்டு இரண்டாவது பிளாஸ்டிக் உறையை எடுத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி நனைந்துகொண்டு நின்றார். நான் கதவைத் தட்டிக் கூப்பிடும்வரை திரும்பவே இல்லை.