போடி ரயில் நின்ற மாதம்

ரயிலில் கரித்தூள் கண்ணில் விழுந்தால் அக்கா தன் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, என் கண்ணில் வைத்து ஒற்றுவாள். அந்த வெதுவெதுப்பு...

தோழிகளே, விடுதியில் உங்கள் யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

எழுமலையிலிருந்து மாட்டு வண்டியில் உசிலம்பட்டி வந்துதான் மதுரைக்கு ரயில் ஏறுவோம். போடியிலிருந்து வரும் பெட்டிகளில் ஏலக்காய் மணக்கும். அந்தப் பாதை போட்டபோது மண் சுமந்தவர் என் அய்யா. எங்கள் வீட்டில் எழுத்து கற்ற முதல் ஆள் நான்.

யுத்த காலம். விடுமுறைக்கு வந்து இறங்கியபோது ஸ்டேஷன் சுவரில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ரயில் கிடையாது. தண்டவாளத்தை யுத்தத்துக்குக் கழற்றப் போகிறார்கள்.

அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. இந்தத் தடவை மதுரைப் பெரியாஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வலி கண்டதும் ரயிலேறுவதாக ஏற்பாடு.

வீட்டில் நோட்டீஸைச் சொன்னேன். அய்யா சிரித்தார்.

"ஏத்தா, நான் மண்ணு சொமந்து போட்ட பாதை. அம்புட்டு இரும்பையும் பாயாட்டம் சுருட்டிக்கிட்டா போவாக?"

"காலேசுல இதத்தேன் சொல்லிக் குடுக்காகளா?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மச்சான் முன்னால் பெண்கள் எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்களில் இல்லை. எனக்கோ பிறவிக் கூச்சம். இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் நாலாம் தேதி அக்காவுக்கு வலி கண்டது. வண்டி கட்டி உசிலம்பட்டி போயிருக்கிறார்கள். ஸ்டேஷன் பூட்டிக் கிடந்தது. கூலியாட்கள் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ரயிலு நின்னு நாலு நாளாச்சுண்ணே, தெரியாதா?" என்று ஒருவர் கேட்டாராம். அய்யா அந்த ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

இருந்த ஒரே பஸ்ஸும் காலையில் போய்விட்டது. மாட்டையே மதுரைக்கு விரட்டினார்கள்.

"இன்னும் எம்புட்டுத் தூரம்யா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

பாதி வழியில், செக்கானூரணியை அக்காவின் உயிர் தாண்டவில்லை. பிள்ளையும் இல்லை.

இன்று யுத்தம் முடிந்துவிட்டது. பாதை வெறும் மண்மேடாகக் கிடக்கிறது, ஆடு மேய்கிறது. நான் பி.ஏ. என் சொல்லுக்கு வீட்டில் மறுபேச்சே கிடையாது. சோளம் விதைக்கலாமா என்றுகூட அய்யா என்னைத்தான் கேட்கிறார். கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குத்தான் அந்த நேரத்தில் எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கிறது.