தண்ணீர் வராத வீடு

மண்ணூர்ப் பக்கத்தில் கார்த்திகைப் புயல் என்றால் சும்மா இல்லை. வாடைக்காற்று எலும்பு வரைக்கும் குத்தும். நான் ஆறாவது படித்த வருஷம் ஐந்து நாள் மழை விடாமல் கொட்டி, ஏரி நிரம்பி வழிந்தது. பள்ளத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்தத் தெருக்காரர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அதில் என் வகுப்புத் தோழியும் ஒருத்தி.

எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். அவளுக்கு மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு, புதுச் சிவப்புக் கம்பளி, கூட ஆடப் பத்துப் பிள்ளைகள். எனக்கு? மேட்டில் கட்டிய வீடு, ஆறிய கஞ்சி, "ஜன்னலண்ட நிக்காத, சளி புடிக்கும்" என்கிற அம்மா. பார்க்கப் போனபோது அந்தக் கம்பளியைத் தொடக்கூட விடவில்லை அவள். "கையி ஈரமா கீது, போடி" என்றாள். திமிர் பிடித்தவள்!

எங்கள் வாசலுக்கும் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கம்பெனி பஸ் ஓடாததால் அப்பா வீட்டில் இருந்தார். கம்பெனியில் பெட்டிகளைச் சுற்றி வரும் தடித்த பிளாஸ்டிக் தாளை வாசற்படியில் விரித்து, மேலே மண் மூட்டைகளை அடுக்கி, இடுக்கெல்லாம் களிமண் அப்பினார். ஒரு நாள் முழுக்க நனைந்துகொண்டே செய்த வேலை. மறுநாள் மத்தியானம் அவர் அசந்து தூங்கியபோது நான் ஓர மூட்டையை இழுத்துவிட்டேன். கணுக்கால் அளவு வந்தால் போதும், எங்களையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சனியன், மொத்தமும் சரிந்தது. அரிசி, பாய், என் புத்தகப்பை எல்லாம் போச்சு.

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கம்பளி தீர்ந்து போயிருந்தது. தோழி தன்னுடையதில் பாதியை என் மேல் போர்த்தினாள். அப்போதும் எனக்கு ஆத்திரம்தான். மீதிப் பாதி அவளிடம் இருந்ததே!

ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்ற அப்பா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "என் தப்புதாம்பா. மூட்டைய ஒயுங்கா அடுக்கல. புள்ளைய குளுர்ல கொண்டாந்து போட்டுட்டேன்."

நான் பாதிக் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இப்போது நானும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் அப்பா மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்குகிறார். "அன்னிக்கி மாதிரி உட்றக்கூடாது" என்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து களிமண் பிசைந்து கொடுக்கிறேன்.