கசெட்டில் வந்த கடல்

பாரிஸில் எங்கள் வீட்டுக்குக் கடல் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும். பழுப்பு உறைக்குள், ஒரு கசெட்டாக, மாமாவின் குரலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு வரும். அப்பா றெக்கோடரின் பொத்தானை அழுத்துவார். முதலில் வெறும் இரைச்சல். மழையா, எண்ணெய் கொதிக்கிறதா என்று யோசிப்பதற்குள் அது அகன்று, புரண்டு, அலையாகிவிடும். பிறகுதான் மாமா.

"அக்கா, அத்தான், பிள்ளை, எல்லாரும் சுகமா இருக்கிறியளோ?"

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் எங்களுக்கு ஒற்றை அறை. சன்னலுக்கு நேரே, இரும்புத் தூண்களின் மேல் மெற்றோ ரயில் ஓடும். அது ஓடும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கும். மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பிரேசிலில் சன்தோஸ் என்ற துறைமுக நகரத்தில் இருந்தார். கப்பல் வேலைக்குப் போனவர். முதலாளி கப்பலை அங்கேயே கைவிட்டுவிட, கூட வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியிருந்ததால் அம்மா அவரைத் திரும்பவிடவில்லை. பாரிஸுக்கு வா என்றாள். கதவுக்குப் பின்னால் அவருக்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டை வாங்கித் தொங்கவிட்டாள். பாரிஸுக்கு வெளியே சார்செலில், எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றில், அவருக்கென்று ஒரு பெண்ணையும் பேசிவைத்தாள். கோட் இரண்டு குளிர்காலமாகக் காத்திருந்தது. பெண்ணும்தான்.

மாமாவிடம் அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "இஞ்சை மரவள்ளியை மாவாக்கி வறுத்துச் சோத்துக்கு மேலை தூவீனம், அக்கா. கறுத்த அவரைக் கறி. மிளகாய்த்தூள் கேட்டால் சிரிக்கினம்." மலையடியிலிருந்து கடல் வரைக்கும் வாய்க்கால்கள் ஓடுவதைச் சொல்வார். கப்பல்கள் கரையை உரசுவதுபோலப் போகுமாம். கடற்கரையில் பந்தடிக்கும் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கை காட்டுவார்களாம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எங்கள் மெற்றோ கப்பலாகிவிடும். சன்னல் கண்ணாடியில் படிந்த ஈரம் உப்பாகிவிடும். தொட்டு நக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன், தூசிதான்.

ஒருமுறை மாமா சொன்னார்: "இஞ்சை ஒருத்தரும் என்னை வெளிநாட்டுக்காரன் எண்டு நம்பீனமில்லை. றோட்டிலை மறிச்சு என்னட்டை வழி கேக்கினம்!"

அப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அதற்குள்தான் அவருடைய ரெசிப்பிசே இருந்தது, இந்த நாட்டில் இன்னும் சில மாதம் இருக்கலாம் என்று சொல்லும் தாள்.

"கார் து நோர் ஸ்ரேசனிலை பொலிஸ்காரர் எங்களையும்தான் மறிக்கிறாங்கள்," என்றார். "வழிதான் ஒருத்தனும் கேக்கிறானில்லை."

பிறகு அந்த ஞாயிறு. மாமா மீன் சந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில், அலைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பெண் சிரித்தாள். மிகப் பக்கத்தில். மாமா "ஸ்ஸ்" என்றார். என்றவர் தானும் சிரித்துவிட்டார். மாமா சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. குளிர்ந்த அறைக்குள் யாரோ மாம்பழத்தைப் பிளந்ததுபோல் இருந்தது.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு வந்து நாடாவைப் பின்னால் ஓட்டினாள். சிரிப்பு. மறுபடி ஓட்டினாள். சிரிப்பு.

"றேடியோவாயிருக்கும்," என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஓம். றேடியோதான்." அம்மா கத்தியிடம் திரும்பிப் போனாள்.

தேநீர் குடித்ததும் பதில் பேச உட்கார்ந்தோம். அம்மா அதில் மிகக் கண்டிப்பு. இருமல், அப்பாவின் பகிடி, மெற்றோ, எது குறுக்கே விழுந்தாலும் பின்னால் ஓட்டி, அழித்து, திரும்பவும் பேசவைப்பாள். அவள் அனுப்பிய கசெட்டுகளில் பாரிஸ் சத்தமே இல்லாத ஊராக இருந்திருக்கும். நான் சொல்லவேண்டியதும் எப்போதும் ஒன்றே: மாமா சுகமா, எப்ப வாறியள்?

அன்று எனக்கு அது வாயில் வரவில்லை.

"மாமா, உங்களோடை சிரிச்சது ஆர்? வரேக்கை அவவையும் கூட்டிக்கொண்டு வாறியளோ?"

நேரம் பார்த்து மெற்றோவும் வந்தது. அம்மாவின் விரல் பொத்தானுக்குப் போனது. அதன்மேல் அப்படியே கிடந்தது. மெற்றோ முழுவதும் கடந்துபோயிற்று, கோப்பைகள் அடங்கின, நாடா சுற்றிக்கொண்டேயிருந்தது. பிறகு அவள் குனிந்து, "தம்பி, இஞ்சை குளிர் சரியாக் கூட," என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாள்.

உறையை ஒட்டும்போது நான் நினைவூட்டினேன். "அம்மா, நான் பிழையாக் கதைச்சதை அழிக்கேல்லை."

"ஓம் பிள்ளை. மறந்துபோனன்."

அம்மாவும் மறப்பாள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மாமாவின் பதில் வரத் தாமதமாயிற்று. வந்ததை அம்மா எங்களோடு சேர்ந்து கேட்கவில்லை; றெக்கோடரைக் காதோடு ஒட்டிவைத்துத் தனியே கேட்டாள். அதிலிருந்த கடல் எனக்குக் கிடைக்கவேயில்லை. அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சார்செலுக்கு ரயிலேறினாள். அங்கே பெண்ணின் அம்மாவோடு அவள் உள்ளே போக, குசினிக் கதவு சாத்தப்பட்டது. நான் வரவேற்பறையில், எதிர்க் கட்டடத்தின் சன்னல்களைப் பார்த்துக்கொண்டு, மாமாவுக்குப் பேசிவைத்த அக்கா தந்த முறுக்கைத் தின்றேன். அவ நல்ல அக்கா. புறப்படும்போது அவவின் அம்மா வாசல்வரை வரவில்லை.

திங்கள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பினார், மாமாவின் சாம்பல் நிறக் கோட்டோடு. கோட்டின் கைகள் அவருக்கு நீளம். விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்து, ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அது மாமாவின்ரை! அவர் வந்தால் என்னத்தைப் போடுறது?"

"அங்கை குளிரில்லையே, பிள்ளை," என்றாள் அம்மா.

அங்குள்ள குளிரைப் பற்றி நான் கேட்கவில்லையே. சன்னலுக்கு வெளியே மெற்றோ போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அது போய் முடியும்வரை பொறுத்திருந்து, இன்னொரு முறை கேட்டேன்.