முற்றத்துக்குத் தெற்கே

நான் கட்டட நிபுணன் இல்லை, டிராஃப்ட்ஸ்மேன். டெல்லியில் அரசாங்கக் குடியிருப்புகள் கட்டும் அலுவலகம் ஒன்றில் பெரிய அதிகாரிகள் வாயால் கட்டுகிற வீடுகளைத் தாளில் கோடாக இழுத்துக் கொடுப்பது என் வேலை. அத்தனை வருடம் கோடு இழுத்ததில் என்னுடைய யோசனை என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு முற்றம்தான் தேறியது. அதை வைத்து ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏறுவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி என் மனைவி டெல்லிக்கு வந்தபோது எங்களுக்கு லக்ஷ்மிபாய் நகரில் மாடி வீடு. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவளுக்கு ஹிந்தியில் தண்ணீர் கேட்கவும் தெரியாது. முதல் வருடமே வயிற்றிலிருந்த குழந்தை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பத்து நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ரசம் வைக்க வரும், வைத்தேன். பதினோராம் நாள் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

அன்று கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மேலே ஏறி வந்து, இவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், வீடுகளுக்கு நடுவே இருந்த புல்வெளியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்திருக்கிறாள். டிசம்பர் மாதம். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு, வேர்க்கடலை உடைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு தட்டுப் பச்சைப் பட்டாணியை இவள் மடியில் வைத்து, உரி என்று ஜாடை காட்டியிருக்கிறாள் அந்த அம்மாள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "இன்னைக்கு ரெண்டு கிலோ பட்டாணி உரிச்சேன். எவ வீட்டுக்குன்னே தெரியல." ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் காலை பத்து மணிக்கு அவள் கீழே இறங்கிவிடுவாள். அங்கேதான் ஹிந்தி கற்றாள். பஞ்சாபியில் திட்டக் கற்றாள். பத்தரைக்குள் ஒருத்தி வந்து சேரவில்லையென்றால் கீழேயிருந்து பெயர் சொல்லிக் கத்துவார்கள், பதில் வராவிட்டால் மேலே ஏறி வந்து கதவைத் தட்டுவார்கள். நான் காய்கறிக்காரனை "பையா, பையா" என்று அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சி ஏமாந்து வருவேன், இவள் பால்கனியில் நின்றபடியே அவன் எடைக்கல்லைச் சரிபார்ப்பாள். எங்களுக்கு அப்புறம் குழந்தை பிறக்கவில்லை. எனக்கு ஆபீஸ் இருந்தது, அவளுக்கு அந்தப் புல்வெளி இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், முனிர்காவுக்கு அப்பால் புதிதாக ஒரு குடியிருப்பு கட்ட முடிவாயிற்று. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அடுக்கு மாடியில குடியிருக்கறவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரியறதில்லை. ஜனங்க ஒண்ணு சேர்ற மாதிரி நடுவுல ஒரு முற்றம், ஒரு சமூகக் கூடம் வேணும். நீங்கள்லாம் குவார்ட்டர்ஸ்ல வாழ்ந்தவங்க, நீங்களே யோசிச்சுப் போடுங்க," என்றார். ஒரு டிராஃப்ட்ஸ்மேனை யோசிக்கச் சொன்ன அதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அது மே மாதம். வெளியே அனல்காற்று. கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கூலர் இரைச்சலில் உட்கார்ந்து வரைந்தேன். ஜனங்கள் எங்கே கூடுவார்கள்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நிழலில் என்பான். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லி வளர்ந்தவன் வேறெப்படி யோசிப்பேன்? முற்றத்துக்குத் தெற்கே நான்கு மாடிக் கட்டடத்தை நீளமாக நிறுத்தினேன், அதன் நிழல் முற்றத்தில் விழட்டும் என்று. வடக்கே தாழ்வாகச் சமூகக் கூடம். நடுவில் புல்தரை, சிமென்ட் பெஞ்சுகள். எந்த வீட்டிலிருந்து இறங்கினாலும் முற்றத்தில்தான் கால் வைக்க வேண்டும் என்று படிக்கட்டுகளைத் திருப்பி வைத்தேன். லக்ஷ்மிபாய் நகர்ப் பெண்கள் புல்லுக்காகத்தான் கூடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். குளிர்காலத்துக் காலைப் பத்து மணிக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே இறங்கி நின்றதில்லை.

நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்து அவளிடம் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுல வடக்கு எது?"

"மேல இருக்கது வடக்கு."

"அப்பம் தெக்க நிக்க நாலு மாடியும் மறைக்கும்லா? பனிக்காலத்துல வெயிலு எங்கன விழும்?"

"வெயிலுக்கா இந்த ஊர்ல பஞ்சம்? இருக்க வெயில்ல மூளையே உருகுது."

"அதுக்கில்ல. பொம்பளைய எல்லாம் எங்கன உக்காருவாவ?"

"ஹால் போட்டிருக்கேம்லா?"

"ஹாலுக்குள்ள போயி யாரு பட்டாணி உரிப்பா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ ஒன் சோலியப் பாரு," என்றேன். அவள் எழுந்து போய் அவள் வேலையைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. நானோ படத்தைச் சுருட்டி வைத்தேன்.

கட்டடம் எழுந்தது. எனக்கும் பதவி உயர்வு வந்து பெரிய வீட்டுக்குத் தகுதி வந்தது. அந்தக் குடியிருப்புக்கே எழுதிப் போட்டேன். "இங்கனயே இருந்துக்கிடுவமே, ரெண்டு பேருக்கு என்னத்துக்குப் பெரிய வீடு?" என்று இரண்டு முறை சொன்னாள். தானே வரைந்த வீட்டில் குடியேறும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் குடிபோனோம். முதல் இரண்டு மாதம் சாயங்காலங்களில் பெஞ்சுகள் நிரம்பின. மாடியிலிருந்து எட்டிப் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்ளாத குறைதான்.

நவம்பர் கடைசியில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ இறங்கினான். நான்கு மாடியின் நிழல் முற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது, பிப்ரவரி வரை எழுந்திருக்கவில்லை. புல் பகலெல்லாம் நனைந்தே கிடந்தது. பெஞ்சுகள் ஐஸ்கட்டியாய்ச் சில்லிட்டன. ஒருவரும் இறங்கவில்லை. சரி, கோடையிலாவது பயன்பட்டதா? மே மாதச் சூரியன் உச்சந்தலையில் நிற்பான், நடுப்பகலில் சுவரோரம் மூன்றடிதான் நிழல். சமூகக் கூடத்துக்குப் பூட்டு போட்டார்கள். சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம், அவர் ஆபீஸிலிருந்து திரும்ப ஆறு மணி. கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் திறக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே சரியில்லை.

தெற்குக் கட்டடத்தின் பின்னால், ரோட்டோரம், ஸ்கூட்டர்கள் நிறுத்துமிடத்தில்தான் வெயில் கொட்டிக் கிடந்தது. அவள் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப் போய் அங்கே உட்கார்ந்தாள். தனியாக மூன்று நாள். யாராவது பார்த்து இறங்கி வருவார்கள் என்று நினைத்திருப்பாள் போல. நான்காம் நாள் காவலாளி, "மாதாஜி, ஸ்கூட்டர் நிக்கிற இடம்," என்று சொல்லியிருக்கிறான். நாற்காலியை மடக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பிறகு இரண்டு பஸ் மாறி லக்ஷ்மிபாய் நகருக்குப் போய்வந்தாள். முட்டிவலி. போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிடும், மூன்று மணிக்கு வெயில் போய்விடும். ஒருநாள், "ரெண்டு பஸ் மாறி வெயில் காயப் போற ஆளு இந்த டெல்லியிலயே நீ ஒருத்திதான்," என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து போகவில்லை. விளையாட்டாகச் சொன்னதுதான். இப்போது என்ன சொல்லி என்ன?

அந்தக் குளிர்காலத்திலேயே அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்களேன். நமக்குத்தான் இப்படி ஆயிப்போச்சு, அடுத்தாப்புல கட்டுத எடத்துலயாவது திருப்பி வைக்கட்டும்."

"பாப்போம்," என்றேன். பார்க்கவில்லை. அதே படத்தை அடுத்தடுத்த குடியிருப்புகளுக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி கோப்பில் பாராட்டி எழுதியிருந்தார். அடுத்த பதவி உயர்வுக்கு அந்த ஒரு வரிதான் என் கையிருப்பு. நானே போய், தெற்கத்தியான் புத்தி, பனியை மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று கேட்டால்? ஒரு குளிர்காலம் போயிற்று, இரண்டு போயிற்று, மூன்று போயிற்று.

அவள் வீட்டுக்குள்ளேயே ஹீட்டர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். நான் வந்ததும் விடாமல் பேசுவாள், எதைப் பற்றி என்று இல்லாமல். ஒருநாள் காபியைக் கொடுத்துவிட்டு, "காலையில நீங்க போனதுக்குப் பெறவு இப்பந்தான் வாயத் தொறக்கேன்," என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "ம்," என்றேன். அந்த "ம்"மை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

நான்காவது ஜனவரியில் ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தேன். வீட்டில் விளக்கு எரியவில்லை. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. காவலாளியும் நானும் கதவை உடைத்தோம். ஹீட்டர் பக்கத்தில் தரையில் கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது, காலை பத்துப் பத்தரைக்கே நடந்திருக்கும் என்றார் டாக்டர். உடனே ஆள் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சுற்றிலும் அறுபது வீடு. அவள் ஏழெட்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள். பத்தரைக்கு அவள் பெயரைச் சொல்லிக் கத்த அங்கே ஒருவரும் இல்லை. இல்லாதபடிக்கு அந்த இடத்தை வரைந்தவன் நான்.

மறுநாள் காலை லக்ஷ்மிபாய் நகர்ப் பெண்கள் வந்தார்கள். துக்க வீட்டில் ஜமக்காளம் விரித்துத் தரையில் கூடி உட்காருவது அவர்கள் வழக்கம். வீட்டுக்குள் இடம் போதவில்லை. சமூகக் கூடம் பூட்டியிருந்தது, செயலாளர் சாவியோடு ஆபீஸுக்குப் போயிருந்தார். முற்றத்துக்கு வந்து பார்த்தார்கள். புல் நனைந்து கிடந்தது. பஞ்சாபி அம்மாள் ஜமக்காளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மாடியையும் அண்ணாந்து பார்த்தாள். "யே கிஸ்னே பனாயா?" என்றாள். எவன் கட்டினான் இதை என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியில் அவர்களே ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, அந்த ரோட்டோர வெயிலில் ஜமக்காளத்தை விரித்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் குடியிருப்பில் குளிர்காலத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். எங்கள் எதிர்வீட்டு அம்மாளும் வந்தாள். நான்கு குளிர்காலம், நடுவில் ஐந்தடி வழி. "அவங்களுக்கு ஹிந்தி வராதுன்னு நினைச்சேன், அதனாலதான் பேசலை," என்று ஹிந்தியில் சொன்னாள். பஞ்சாபி அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாளே," என்றாள். எதிர்வீட்டு அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கே வைத்துப் பேசியிருப்பாள், பாவம்.

இரண்டு மாதம் கழித்து அதே மாதிரிப் படம் இன்னொரு குடியிருப்புக்காக என் மேஜைக்கு வந்தது. டிரேசிங் தாளை வெளியே எடுத்தேன். அது கண்ணாடி போன்ற தாள், இரண்டு பக்கமும் கோடு தெரியும். மேல் விளிம்பைக் கீழாகப் புரட்டிப் போட்டேன். தெற்கே நின்ற நான்கு மாடி வடக்கே போயிற்று. வடக்கே இருந்த தாழ்ந்த கூடம் தெற்கே வந்தது. முற்றத்தில் இனி வெயில் விழும். அதன்மேல் புதுத் தாளை வைத்து ஒரு தடவை படியெடுத்து, எழுத்துக்களைச் சரிசெய்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு முடிந்துவிட்டது.

அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்தார். "புது சைட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திட்டீங்களா?" என்றார்.

"மாத்திட்டேன் சார்."

"அச்சா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.