பொட்டு வைத்த குமிழ்

எங்கள் பெரியப்பா கார் ஓட்டிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார்; திருப்பம் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுப்பார். பிறகு இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பவர் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுப்பார். கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். வியர்வையில் கண்ணாடி வழுக்கி விழுந்துவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது பேருந்தா எருமையா என்று அவருக்குத் தெரியாது. அண்ணன் விசுவாசத்தினாலே திரும்புகிறார் என்று அப்பா சொல்வார்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பெரியப்பாவைவிட இரண்டு வயது மூத்தது. ஏதோ மலைத்தோட்டத்துத் துரை விட்டுப்போனது என்று சொல்லி ஒரு புரோக்கர் அவர் தலையில் கட்டியிருந்தார். இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது மூன்று சக்கரங்கள்தான் இருந்தனவாம். அப்போது அத்தை, அதாவது பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை, கல்லூரியில் முதல் வருடம். அவர்களுடைய அப்பா முன்பே இறந்துபோனதால் அத்தைக்கு எல்லாம் பெரியப்பாதான். மூன்று சக்கரக் காரைப் பார்த்துச் சிரித்த தங்கையிடம், உன் கல்யாணத்தன்று இந்த வண்டியில்தான் உன்னை ஆலயத்துக்குக் கூட்டிப்போவேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

கார் ஓட ஆரம்பிக்கப் பதின்மூன்று வருடம் ஆயிற்று. அத்தைக்கு மாப்பிள்ளை அமையவும் ஏறக்குறைய அவ்வளவே ஆயிற்று. இரண்டுக்கும் பொருத்தமான பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம் என்று அத்தையே சொல்வாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாக்பீஸ் பிடிக்கிற கையில் நிற்காது என்று இடது கையில் மட்டும் சிவப்பு நகப்பூச்சு போட்டுக்கொள்வாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாவின் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வதை நான் ஓர் உத்தியோகமாகவே நினைத்திருந்தேன். புதுக் கார் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பெரியப்பா ஒரு வாக்கியம் சொல்வார்: "பவர் ஸ்டியரிங் வச்சவன் கார் ஓட்டல, கார்ல உக்காந்துட்டுப் போறான்." இதை நான் வகுப்பில் பரப்பினேன். புதுக் காரில் வந்து இறங்கும் தோழியிடமும் சொன்னேன். அதோடு அவளுடைய டிபன் பாக்ஸ் எனக்கு மூடிக்கொண்டது. கொள்கைக்காகக் கொடுத்த விலை என்று பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை உண்டென்றால் தெரிவிக்கலாம் என்று போதகர் அறிவிப்பார். அத்தையின் முதல் ஓலைக்கு யாரும் தடை சொல்லவில்லை. மறுநாள் பெரியப்பா காரைத் திருமுடிவாக்கத்துக்குக் கொண்டுபோய், பவர் ஸ்டியரிங் வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். தடை சொல்ல வீட்டில் நான் ஒருத்தி இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை என்னையும் பட்டறைக்கு அழைத்துப்போனார். கிளம்பும்போது, சட்டையின் வலது கையை நீ மாட்டிவிடு என்று என்னிடம் நீட்டினார். கொஞ்ச நாளாக அதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தார். தலையை இடது கையால் வாரிக்கொள்வதும் புது விளையாட்டுத்தான்.

பட்டறைக்கார அண்ணன் வாரநாட்களில் பம்புக்குப் பாகங்கள் கடைந்துகொடுப்பவர். பழைய கார் வந்தால் மட்டும் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவருவார். மரத்தில் மோதி நசுங்கிய ஒரு சின்னக் காரிலிருந்து ஸ்டியரிங் தண்டையும் அதோடு ஒட்டியிருந்த மின்சார மோட்டாரையும் வாங்கி வைத்திருந்தார். நம் காரின் தண்டை நடுவில் அறுத்து, அந்த மோட்டாரை இடையில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். நாம் திருப்பும்போது மோட்டாரும் கூடச் சேர்ந்து திருப்பும். அறுக்கும் நேரத்தில் பெரியப்பா வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பாப்பா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறே?" என்று அந்த அண்ணன் கேட்டார். நான் பெரியப்பாவின் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். ஸ்பானர் கையிலிருந்து விழும்வரை சிரித்தார். பிறகு என்னைச் சமாதானப்படுத்த, டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டப்போகும் ஒரு சின்னக் குமிழைக் காட்டினார். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று இருக்குமே, அதேபோல்.

"இத்த இந்தாண்ட திருப்புனா பழைய கல்லு. அந்தாண்ட திருப்புனா பஞ்சு. நடுவுல எங்க வோணா நிறுத்திக்கலாம், அவங்கவங்க கைக்கு ஏத்தா மாதிரி."

மூன்றாம் ஓலை வாசித்த அன்று கார் வீட்டுக்கு வந்தது. குமிழின் ஓரத்தில், பஞ்சுக்குச் சற்று முன்னால், ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன், அது அத்தையின் நகப்பூச்சு. எங்கள் வீட்டில் யாரும் நெற்றியில் பொட்டு வைப்பதில்லை. அந்தக் குமிழ் மட்டும்தான் வைத்திருந்தது. எதற்கு என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அளவு எடுத்து வைத்திருக்கிறது, தொடாதே என்றார். அத்தையிடம் கேட்கலாம் என்றால் கல்யாண வேலையில் அவள் கண்ணிலேயே படவில்லை. அதற்கு முந்தின வாரமெல்லாம் ஸ்பெஷல் கிளாஸ் என்று இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அன்று மாலை பெரியப்பா என்னை ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றிவந்தார். திருப்பத்தில் பேச்சு நிற்கவில்லை. கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. ஒரே விரலால் திருப்பினார். நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, இனி பாப்பாகூட ஓட்டலாம் போலிருக்கே என்று சிரித்தார். பெரியப்பாவும் கூடச் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அப்பா கார் மூக்கில் மல்லிகைச் சரம் கட்டினார். போதகர் முந்தின நாளே வந்து காருக்கு ஜெபம் செய்துவிட்டுப் போயிருந்தார். பட்டறைக்கார அண்ணன் அதை மட்டும் நம்பிவிடாமல் நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். இரண்டு இன்சூரன்ஸ் என்றார் அப்பா. எல்லோரும் குனிந்து எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் காருக்குள் ஏறி, குமிழைக் கல் பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டு இறங்கினேன். இன்று சபையே பார்க்கப்போகிறது, பெரியப்பா நிஜமாகவே கார் ஓட்டுவதை எல்லோரும் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்துக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெள்ளைப் புடவையும் முக்காட்டு வலையுமாக அத்தை முன்னால் போன சிவப்புக் காரில். நாங்கள் பின்னால் அப்பாவின் காரில். ஜி.எஸ்.டி. சாலையில் அகலமாகத் திரும்பும்போது பெரியப்பா லேசாகச் சாய்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓடுகிற காரைத் திருப்புவது அவ்வளவு கஷ்டமில்லை, நிற்கிற காரைத் திருப்புவதுதான் உயிரை வாங்கும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

தாம்பரத்தில் ஆலய வாசலுக்குக் குறுகலாக இடது பக்கம் திரும்ப வேண்டும். பாதி திரும்பியதும் எதிரே ஓர் ஆட்டோ வந்து நின்றது. காரும் நின்றது. ஆட்டோ விலகிப்போயிற்று, கார் விலகவில்லை. பின்னால் இரண்டு பேருந்துகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. வாசலில் பாடகர் குழுவும் மாப்பிள்ளை வீட்டாரும் மாலைகளோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் நீட்டினார். அத்தை அதை வாங்கிப் பூச்செண்டுக்குள் செருகினாள்.

பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். அவருடைய வலது கை தோள்வரை போயிற்று. அதற்குமேல் ஏறாமல் அப்படியே நின்றுவிட்டது. முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. குமிழைப் பற்றிக் கத்திச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பயத்தில் மூடிக்கொண்டேன்.

அத்தை பூச்செண்டை டேஷ்போர்டின்மேல் போட்டாள். முக்காட்டை வாரிப் பின்னால் தள்ளிவிட்டு, பெரியப்பாவின் கைகளுக்குப் பக்கத்தில் தன் இரண்டு கைகளையும் வைத்தாள். "இழுண்ணா" என்றாள். வளையல் அணிந்த இரண்டு கைகளும் கோட்டுப் போட்ட இரண்டு கைகளும் ஒன்றாக இழுத்தன. வலை நழுவி வந்து பெரியப்பாவின் முகத்தை மூடியது. அவர் ஒன்றும் தெரியாமல் இழுத்தார். விசுவாசத்தினாலே என்று அப்பா முணுமுணுத்தார். கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி, வாசலுக்குள் போய் நின்றது. பேருந்து ஓட்டுநர்கூடக் கைதட்டினார். வலையை எடுத்துவிட்டபோது அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கன்னங்கள் நனைந்திருந்தன.

எல்லோரும் உள்ளே போனபின் பட்டறைக்கார அண்ணன் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். தூண் ஓரத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். குமிழைப் பொட்டுக்கே திருப்பி வைத்துவிட்டு, வெளியே வந்த அப்பாவிடம், "பியூஸ் லூசா இருந்துது சார், சரி பண்ணிட்டேன்" என்றார்.

பூச்செண்டுக்குள் போன கண்ணாடி பெரியப்பாவுக்குத் திரும்ப வரவில்லை. சாட்சிக் கையெழுத்தை மாப்பிள்ளை போட வேண்டிய இடத்தில் போடப்போனார்; போதகர்தான் அவர் கையைப் பிடித்து நகர்த்தினார். விருந்து முடிந்து வழியனுப்பும்போது பெரியப்பா கார்ச் சாவியை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது. அத்தை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு கையால் எங்களுக்கு டாட்டா காட்டியபடி இன்னொரு கையால் வாசலில் காரைத் திருப்பிப் போனாள். மாப்பிள்ளை மடியில் பூச்செண்டு. அதற்குள் பெரியப்பாவின் கண்ணாடி. மூன்று பேரும் நாவலூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று அப்பா பிறகு சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னால்தான் கார் நடுரோட்டில் நின்றது, அந்த அவமானத்தில்தான் பெரியப்பா காரையே கொடுத்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். சாயங்காலம் அவர் அருகில் போய், குமிழைத் திருப்பியது நான்தான் என்று அழுதேன்.

"தெரியும்" என்றார். "நீ திருப்பலன்னா ஒரே விரல்ல கொண்டுபோய் அவளை இறக்கிவிட்டிருப்பேன். நல்லதாப் போச்சு, அழாதே."

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பல வருடங்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய தோள் இறுகிப்போயிருந்ததும், முதல் ஓலைக்கு முன்பே டாக்டர் இனி கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதும், ஒரே ஒரு நாளைக்கு மட்டும் பெரியப்பா அனுமதி வாங்கியிருந்ததும் பின்னால் தெரியவந்தன. அத்தையின் ஸ்பெஷல் கிளாஸ் நடந்த இடம் திருமுடிவாக்கம் என்பதும் அப்படித்தான். கார் இன்னும் நாவலூரில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் நானும் ஓட்டிப் பார்த்தேன்; என் கைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தது. குமிழைத் திருப்பலாமா என்று அத்தையிடம் கேட்டேன். தொடாதே என்றாள்.

ஒன்பது வயதில், அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்த மாத்திரத்தில் அது யாருடைய நகப்பூச்சு என்று கண்டுபிடித்தவள் நான். அது யாருடைய கைக்கு எடுத்த அளவு என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை.